45 வயதில் ஏ லெவல் ஆங்கில இலக்கியம்: படித்து முடித்தவளின் மதிப்பீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் உயர்தரப் பரீட்சையான ஏ லெவலில் ஆங்கில இலக்கியப் பாடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. அந்தப் பாடத்தை வீட்டுக்கு அனுப்பிப் படிப்பித்த தொலைக்கல்வி நிறுவனத்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையிலும் இரண்டு, என் கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியருக்கே, அதாவது எனக்குக் கிடைத்த ரியூட்டருக்கே உரியது. "ஏ லெவலுக்கு இங்கிலிஷ் லிட்டரேச்சர் எடுக்கலாமா?" என்று என்னிடம் போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். இரண்டு பேர் பிள்ளைகளுக்காக, ஒருவர் தனக்காக. பாடம் வேறு, அதை விற்பவர்கள் வேறு என்பதை அவர்களுக்குத் தொலைபேசியில் விளக்கி முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

1995 ஐப்பசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கலைப்பிரிவு, தமிழும் ஒரு பாடம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு இரவு முழுவதும் பிடித்தது. அந்தப் பரீட்சைக்கு நான் பிறகு தோற்றவேயில்லை. இங்கிலாந்துக்கு வந்து கடையில் நின்றேன், பிறகு ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருந்தேன், இன்னும் இருக்கிறேன். 2022இல் மகள் பல்கலைக்கழகம் போனாள். போகிறபோது தன் மேசையைத் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, "அம்மா, இதிலை இனி நீங்கள் இருந்து படியுங்கோ" என்றாள். அன்றைக்கே பதிந்தேன்.

இங்கிலாந்தில் 2015இலிருந்து இந்தப் பாடம் புது ஒழுங்கில் நடக்கிறது. இரண்டு வருடம் படித்ததையெல்லாம் கடைசியில் ஒரே தடவையில் எழுதவேண்டும். குறைந்தது எட்டு நூல்கள். அவற்றில் மூன்று 1900க்கு முந்தியவை, அந்த மூன்றில் ஒன்றாவது ஷேக்ஸ்பியர். ஒன்று 2000க்குப் பிறகு வந்ததாக இருக்கவேண்டும். நாடகம், கவிதை, உரைநடை மூன்றும் வரும். 80 வீதம் பரீட்சை, 20 வீதம் நாமே நூல் தெரிந்து எழுதும் ஆய்வுக்கட்டுரை. பரீட்சைச் சபைக்குச் சபை விபரம் மாறும். நான் எடுத்தது ஏ.க்யூ.ஏ. சபையின் 'ஏ' பாடத்திட்டம். அதில் முதல் வினாத்தாளின் தலைப்பு 'காலங்கள்தோறும் காதல்', மூன்று மணித்தியாலம். இரண்டாவதற்கு இரண்டரை மணித்தியாலம். அதில் நான் தெரிந்த பிரிவு 1945இலிருந்து இன்றுவரையான இலக்கியம்.

இந்தப் பாடத்தின் உயிர் எது என்று கேட்டால், முன்பு பார்த்திராத கவிதை என்பேன். முதல் வினாத்தாளில் இரண்டு கவிதைகளை அச்சடித்துத் தருவார்கள். இரண்டும் காதலைப் பற்றியவை. 25 புள்ளி. கவிஞரின் பெயர் இருக்கும். ஆனால் முன்பே படித்திராத கவிதையில் பெயரை வைத்து என்ன செய்வது? கவிதையைப் பற்றிய ஒரு அபிப்பிராயத்தையும் சேர்த்துத் தந்து, அதை ஏற்றோ மறுத்தோ ஒப்பிட்டு எழுதச் சொல்வார்கள். பிள்ளைகள் அதிகம் பயப்படுகிற பகுதி இது. நானும் பயந்தேன். முதல் இரண்டு மாதம் நான் எழுதியதெல்லாம் கவிதையின் கருத்தை என் சொல்லில் திருப்பிச் சொல்வதாகவே இருந்தது.

மூன்றாவது கட்டுரையின் ஓரத்தில் ரியூட்டர் மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினார். யார் பேசுகிறார்? யாரிடம்? ஏன் இந்த வேளையில்? அதைப் பார்த்ததும் நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். எங்கள் தமிழ் வாத்தியார் குறுந்தொகை படிப்பித்த விதம் அதுதான். கூற்றுக் குறிப்பை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கரும்பலகையில் எழுதுவார். 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்று புத்தகத்தில் இருக்கிற வரியைக் கையால் மூடச் சொல்வார். "ஆர் சொல்லுறது? ஆருக்குச் சொல்லுறது? ஏன் இப்ப சொல்லுறது?" வகுப்பில் சரியான விடை வரும்வரை கையை எடுக்கக்கூடாது.

ஒரு நாள் முழுவதும் கபிலரின் பாட்டு ஒன்றிலேயே நின்றோம். அவன் என்னைச் சேர்ந்த அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். தினைத்தாள் போல மெல்லிய பசிய கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்ற குருகு. 'குருகும் உண்டு' என்பதில் அந்த 'உம்' எதற்கு என்று வாத்தியார் கேட்டார். முக்கால் மணித்தியாலம் அந்த ஒரு 'உம்'மில் போயிற்று. இருந்த ஒரே சாட்சி அது. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தது. இதைச் சொல்லும்போதே தன் நிலை அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே கண்ணோடு கிறிஸ்டினா ரொசெற்றியின் 'ரிமெம்பர்' என்ற பதினான்கு வரிக் கவிதையைப் படித்தேன். 1862இல் வெளிவந்தது, பாடத்திட்டத்துத் தொகுப்பில் இருக்கிறது. நான் போன பிறகு என்னை நினைத்துக்கொள், நினைத்துக்கொள் என்று எட்டு வரி கேட்டுவிட்டு, ஒன்பதாவது வரியில் 'ஆனாலும்' என்ற பொருளில் ஒரு சின்னச் சொல் வைக்கிறார். அதற்குப் பிறகு கவிதை திரும்பிவிடுகிறது. மறந்து சிரிப்பாயானால் அதுவே நல்லது, நினைத்து வருந்தாதே என்று முடிகிறது. அந்தச் சொல் இங்கே 'உம்' செய்த வேலையைச் செய்கிறது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன், அந்தச் சொல்லைப் பற்றி மட்டும். 25க்கு 21 வந்தது. புள்ளியைவிட, 27 வருடத்துக்கு முன்னர் பாதியில் நின்ற வகுப்புக்குள் திரும்பிப் போய் இருந்ததுபோன்ற உணர்வுதான் பெரிது. அன்று இரவு வாத்தியாரின் பெயரை மகளுக்குச் சொன்னேன். அதுவரை சொன்னதேயில்லை.

பெயர் சொல்லாமல் கவிதையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லும் முறையை 1920களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற விரிவுரையாளர் செய்துபார்த்தார். மாணவர்கள் எழுதியதை வைத்து 1929இல் ஒரு நூலும் போட்டார். இன்றைய வினாத்தாளின் இந்தப் பகுதிக்கு வேர் அங்கே இருக்கிறது. வாத்தியார் ரிச்சர்ட்ஸைப் படித்திருந்தாரோ, கூற்றை மூடுவது அவராகவே கண்ட வழியோ, இனிக் கேட்க முடியாது.

ஷேக்ஸ்பியர் நாடகமாக நான் படித்த ஒதெல்லோவைப் பற்றி ஒரு சங்கதி. இயாகோ என்பவனின் பேச்சை நம்பி மனைவியைக் கொல்லும் தளபதியின் கதை அது. மொழி கடினம், மறைக்கவில்லை. முதல் அங்கத்துக்கு மூன்று கிழமை எடுத்தேன். பாடசாலைப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மூலத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அருஞ்சொற்பொருள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் என்னைப் பிடித்து வைத்தது நாடகத்தைவிட நாடகத்தைப் பற்றிய சண்டை. 1904இல் பிராட்லி என்ற விமர்சகர் எழுதியபடி ஒதெல்லோ பெருந்தன்மையான வீரன், இயாகோவின் சூழ்ச்சி எவரையும் விழுத்தியிருக்கும். 1937இல் லீவிஸ் அதைத் தலைகீழாக்கினார்: குற்றம் ஒதெல்லோவுக்குள்ளேயே இருக்கிறது, தன்னைத் தானே வியக்கிற மனம் அது, இயாகோ கிள்ளிவிட்டான், அவ்வளவே. பிறகு எம்சன் வந்து, இந்த நாடகத்தில் 'நேர்மை' என்ற சொல் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது, அது ஒவ்வொரு வாயிலும் என்ன பொருள் எடுக்கிறது பாருங்கள் என்று எண்ணிக் காட்டினார்.

எங்களுக்கு இது புதிதல்ல. ஒரு குறளுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்வார், மணக்குடவர் வேறொன்று சொல்வார், நாங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு எது மூலத்துக்குப் பொருந்துகிறது என்று பார்ப்போம். உரைகளோடு வளர்ந்த ஒருவருக்கு இந்தப் பாடத்தின் இந்தப் பகுதி கைவந்தது. ஆங்கில வீட்டுப் பிள்ளைகளைவிட நீங்கள் இதில் ஒரு படி முன்னுக்கு நிற்கிறீர்கள் என்று தமிழ் படித்த எல்லாருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். மொழி பின்னால் வரும்.

இனி நிறுவனத்துக்கு வருகிறேன்.

இந்தப் பாடத்துக்கு ஐந்து மதிப்பீட்டு நோக்கங்கள் உண்டு, ஏஓ 1 முதல் ஏஓ 5 வரை. சுருக்கமாகச் சொன்னால்: வாதத்தை ஒழுங்காக எழுதுவது, சொற்கள் எப்படிப் பொருளை உண்டாக்குகின்றன என்று பார்ப்பது, காலப் பின்னணி, நூலுக்கும் நூலுக்கும் உள்ள தொடர்பு, மாற்று வாசிப்புகள். என் பாடத்திட்டத்தில் முதலாவதுக்கு 28 வீதம், அடுத்த இரண்டுக்கும் தலா 24, கடைசி இரண்டுக்கும் தலா 12. ஒவ்வொரு கேள்வியிலும் ஐந்தும் பார்க்கப்படும். இது ஒரு நல்ல வரைபடம். நிறுவனம் இதைச் சமையல் குறிப்பாக்கிவிட்டது. அனுப்பிய குறிப்புப் புத்தகத்தில் ஐந்து நிறப் பெட்டிகள். இந்தப் பந்தியில் ஒரு வரி வரலாறு போடு, இந்தப் பந்தியில் ஒரு விமர்சகரைப் போடு. மாதிரி விடைகள் ஒன்பதும் ஒரே மாதிரித் தொடங்கின. விக்டோரியா காலத்தில் பெண்கள் அடக்கப்பட்டார்கள் என்று ஒரு வரியைக் கொண்டுபோய் எந்தக் கவிதையின் நடுவிலும் செருகலாம் என்பதுபோல எழுதியிருந்தது. அப்படிச் செருகினால் கவிதை செத்துப்போகும். ரொசெற்றியின் அந்த 'ஆனாலும்' ஏன் ஒரு பெண்ணின் வாயில் அவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்டால் காலப் பின்னணி தானாக வரும். அந்தக் குறிப்புப் புத்தகத்தை இரண்டாம் மாதத்தோடு மூடி வைத்துவிட்டேன். ரியூட்டரும் ஒரு மின்னஞ்சலில், பெட்டிகளை மறவுங்கள், வரியைப் பாருங்கள் என்றே எழுதினார்.

அந்த ரியூட்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "இது எந்த வரியில் இருக்கிறது?" என்பதுதான் அவர் அடிக்கடி எழுதுகிற வசனம். ஆனால் நிறுவனக் கணக்கில் இரண்டு வருடத்துக்கு அவர் திருத்தக்கூடிய கட்டுரைகள் பன்னிரண்டு மட்டுமே. மேலதிகமாக ஒவ்வொன்றுக்கும் காசு. எழுதி எழுதித்தான் இந்தப் பாடம் வரும். பன்னிரண்டு போதவே போதாது. பதிய முன்னர் இந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். விளம்பரத்தில் இருக்காது.

அதைவிடப் பெரிய அடி ஆய்வுக்கட்டுரை விஷயத்தில். 2,500 சொல், இரண்டு நூல்களின் ஒப்பீடு, ஒன்று 1900க்கு முந்தியது. இதைப் பரீட்சை நிலையத்து ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை செய்து, எழுதியது இவர்தான் என்று உறுதிப்படுத்தவேண்டும். தனியாகத் தோற்றுபவர்களுக்கு எழுத்துப் பரீட்சைக்கு இடம் தருகிற நிலையங்கள் உண்டு; இந்த மேற்பார்வைக்கு ஒப்புக்கொள்கிறவை மிகக் குறைவு. 'முழு உதவியும் உண்டு' என்று சொல்லி என்னைச் சேர்த்த நிறுவனம், முதலாம் வருடம் முடிகிறபோதுதான், நிலையம் தேடுவது மாணவரின் பொறுப்பு என்று நிபந்தனைகளின் பதினான்காம் பக்கத்தைக் காட்டியது. பதினொரு பாடசாலைகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை இடைவேளையில், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றபடி. பன்னிரண்டாவது இடம் ஒப்புக்கொண்டது, ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். அங்கே கட்டிய கட்டணம் பாடநெறிக்குக் கட்டியதைவிடக் கூட. உங்கள் ஊரில் மாலை வகுப்பாக இந்தப் பாடம் நடக்கிற கல்லூரி இருந்தால் தொலைக்கல்விப் பக்கமே போகவேண்டாம். இல்லையென்றால், முதலில் நிலையத்தை எழுத்தில் உறுதிசெய்துகொண்டு பிறகு காசு கட்டுங்கள். ஆய்வுக்கட்டுரையே இல்லாத சர்வதேசப் பாடத்திட்டங்களும் இருக்கின்றன. தனியாகத் தோற்றுபவர்களில் பலர் அதற்குத்தான் போகிறார்கள். வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு அது இலகு.

ஆனாலும் அந்த ஆய்வுக்கட்டுரையை எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு இழப்பு. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1818இல் வந்தது, அதை ஒரு நூலாக எடுத்தேன். பூதக்கதை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். நடுவில், விஞ்ஞானி ஒருவன் உண்டாக்கிக் கைவிட்ட அந்தப் பிராணி ஒரு குடிலை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவரின் வெடிப்பு வழியாக உள்ளே பார்க்கிறது. அந்த வீட்டு ஆட்கள் பேசுவதை மாதக்கணக்காகக் கேட்டுக் கேட்டு மொழியைப் பிடிக்கிறது. தீ, பால், அப்பம், விறகு என்று முதலில் வந்த சில சொற்கள். 1999இல் நான் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் ஆங்கிலம் படித்தேன். எனக்கு முதலில் வந்ததும் பால், பாண், மீதிக்காசு. அந்த அத்தியாயத்தை நள்ளிரவில் படித்து முடித்துவிட்டு விளக்கை அணைக்க மனமில்லாமல் இருந்தேன். மொழி தெரிந்த பிறகும் அந்த வீட்டுக் கதவு அதற்குத் திறக்கவில்லை; அதையே என் கட்டுரையின் கேள்வியாக வைத்தேன்.

இரண்டாம் வினாத்தாளில் மார்கரெட் அட்வுட்டின் 1985ஆம் ஆண்டு நாவல் இருந்தது, 'த ஹான்ட்மெய்ட்ஸ் டேல்'. பெண்கள் வாசிப்பது குற்றம் என்றாகிவிட்ட நாடு. கடைப் பெயர்ப்பலகையில்கூட எழுத்தில்லை, படம் மட்டுமே. படிப்பு நின்றுபோன எந்தப் பெண்ணுக்கும் அதைப் படிக்கும்போது என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பரீட்சையைப் பற்றிச் சில நடைமுறைச் சொற்கள். முதல் வினாத்தாளில் ஒப்பீட்டுப் பகுதிக்கு மட்டும் நூல் உள்ளே கொண்டுபோகலாம், இரண்டாவதில் முழுக்கவும் கொண்டுபோகலாம். ஆனால் ஒரு கீறல் குறிப்புக்கூட அதில் இருக்கக்கூடாது. ஆகவே எல்லாம் இரண்டு பிரதி வேண்டும், படிக்க ஒன்று, பரீட்சைக்கு ஒன்று. பழைய புத்தகமாக வாங்கினால் பக்கம் பக்கமாகப் பாருங்கள், யாரோ ஒரு பிள்ளை பென்சிலால் கோடு போட்டிருக்கும். ஒதெல்லோவுக்கு நூல் கிடையாது. ஒரு பகுதியை அச்சடித்துத் தருவார்கள், மிச்சம் மனதில் இருக்கவேண்டும். பெரியவர்கள் கையால் எழுதுவதை விட்டு எத்தனையோ வருடம். மூன்று மணித்தியாலம் பேனா பிடிக்க நான் ஆறு மாதம் பழகினேன், சனிக்கிழமை காலைகளில், மணிக்கூட்டை முன்னால் வைத்து.

2024 ஆவணி 15இல் பெறுபேறு வந்தது. 'பி'. ஆஸ்பத்திரியில் ஒரு வயதான ஐயாவுக்குத் திகதி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. அவரை அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன்.

பிள்ளைகளுக்காகக் கேட்ட இருவருக்கும்: பிள்ளைக்குக் கதை வாசிக்க விருப்பம் இருந்தால் தடுக்காதீர்கள். "இதைப் படிச்சு என்ன வேலை?" என்று என் வீட்டிலும் கேட்டார்கள், என் மகளிடமும் நான் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன், அது தவறு. ஆனால் வாசிக்கவே பிடிக்காத பிள்ளையை, கணிதத்தைவிட இலகு என்று நினைத்து இதற்குள் தள்ளவேண்டாம். எட்டு நூலையும் இரண்டு மூன்று தடவை வாசிக்கவேண்டும், சுருக்கத்தைப் படித்துக்கொண்டு போனால் முன்பு பார்த்திராத கவிதையின் முன்னால் கை நின்றுவிடும். தனக்காகக் கேட்டவருக்கு: கிழமைக்குப் பத்து மணித்தியாலம் உங்களால் ஒதுக்க முடிந்தால் இந்த வருடமே தொடங்குங்கள். நிலையத்தின் விலாசத்தைத் தனியாக அனுப்புகிறேன்.

ஒதெல்லோவைத் தரமுடியாது, குறிப்பெல்லாம் எழுதிய என் பிரதியை மகள் கொண்டுபோய்விட்டாள். மற்றப் புத்தகங்கள் இரண்டு இரண்டாக இருக்கின்றன. எழுதாத பிரதிகளை நீங்கள் எடுங்கோ.